டெமோவைப் பாதியில் நிறுத்தினால் என்ன அர்த்தம்? ஆசிரியர் நேர்காணலுக்குப் பிறகு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

கேள்வி சுருக்கமாக இது: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்த ஒருவர் மார்ச் நடுவில் கோவைப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். ஏழாம் வகுப்பில் டெமோ, அதாவது மாதிரி வகுப்பு, எடுக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் என்றவர்கள் பத்து நிமிடத்திலேயே "போதும்" என்றார்கள். முதல்வர் சிரித்துக்கொண்டே "நல்லா எடுத்தீங்க" என்றார். பிறகு தாளாளர் அறையில் சம்பள எதிர்பார்ப்பு கேட்டார்கள், வீடு எங்கே என்று கேட்டார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்று முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் ஆகியும் போன் வரவில்லை. கிடைக்குமா, கிடைக்காதா என்று கேட்கிறார்.

இந்த ஒரு வார மௌனத்தை வைத்து வேலை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேர்காணல் மேசையின் அந்தப் பக்கத்தில் பல வருடங்கள் உட்கார்ந்தவள் நான். மெட்ரிக் பள்ளியிலும் சிபிஎஸ்இ பள்ளியிலும் கணக்கு டீச்சர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வந்துபோனவர்கள் வீட்டில் உட்கார்ந்து எதையெல்லாம் அசைபோடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அறைக்குள் நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்பதும் தெரியும். பெரும்பாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் அந்தச் சிரிப்பையும் "நல்லா எடுத்தீங்க"வையும் ஒதுக்கி வையுங்கள். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை எல்லோருக்கும் சொல்வார்கள். வருகிறவர் அதே ஊர்க்காரராக இருப்பார், நாளைக்கே அவர் அக்கா பிள்ளையை இதே பள்ளியில் சேர்க்க வருவார். யாரையும் முகம் வாட அனுப்பக்கூடாது என்பது பள்ளிகளில் எழுதாத விதி. அதேபோல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பாராட்டாத முதல்வர்களும் உண்டு. அவர்களில் சிலர், ஆள் வெளியே போனதும் "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க" என்று அலுவலகத்துக்குச் சொல்லுவார்கள். முகத்தைப் படித்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. டெமோ முடிந்ததும் உங்களைத் தாளாளர் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறக்கட்டளை நடத்தும் பெரும்பாலான தனியார் பள்ளிகளில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கும்: பாடம் நடத்தத் தெரிகிறதா என்று முதல்வர் பார்ப்பார், என்ன சம்பளம், எப்போது சேர்வது என்பதைத் தாளாளர் பேசுவார். டெமோவில் தேறாதவர்களை முதல்வர் தன் அளவிலேயே அனுப்பிவிடுவார். தாளாளரின் நேரத்தை எடுத்துக்கொண்டு, "இவர் வேண்டாம்" என்று நினைக்கிற ஒருவரைச் சம்பளம் பேச உள்ளே அனுப்ப மாட்டார். அதனால் முதல் சல்லடையில் நீங்கள் தங்கிவிட்டீர்கள் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்வேன்.

சரி, பத்து நிமிடத்தில் ஏன் நிறுத்தினார்கள்? இதுதான் உங்களை அதிகம் குடைகிறது என்று தெரிகிறது. பலரையும் குடையும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெமோவை நிறுத்த மூன்று காரணங்கள் இருக்கும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம், சரியில்லை. இல்லாவிட்டால் வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், அடுத்த பீரியடுக்கு அந்த வகுப்பறை வேண்டும். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் நிறுத்தியதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்தான் இருக்கும்.

பெரும்பாலான பள்ளிகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். பாட அறிவு, குரல், கரும்பலகை, ஆங்கிலம், வகுப்பைக் கையாளும் விதம் என்று சில கட்டங்கள் போட்டிருக்கும். இதில் பாதி முதல் ஐந்து நிமிடத்திலேயே நிரம்பிவிடும். குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா, எழுத்து வரி பிடித்துப் போகிறதா, பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறாரா, இல்லை முதல்வரைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். முதல்வரைப் பார்த்து டெமோ எடுப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று. அந்தப் பதற்றம் எங்களுக்கும் புரியும், அதற்காக யாரையும் தள்ளிவிட மாட்டோம். ஆனால் கவனிப்போம்.

அப்புறம் பாட அறிவு. ஏழாம் வகுப்பு என்கிறீர்கள், முழுக்கள் பாடமாக இருந்தால் ஒரு உதாரணம் சொல்கிறேன். மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு என்று பலகையில் எழுதுகிறீர்கள். பின்னாலிருந்து முதல்வர் ஒரு மாணவன் கேட்பதுபோல், "மிஸ், மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வரணும்?" என்று கேட்கிறார். "அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அங்கேயே அந்தக் கட்டத்தில் குறைவான மதிப்பெண் விழும். இன்னொருவர் நின்று யோசித்து, பலகையின் ஓரத்தில் எழுதுகிறார்: −3 × 2 = −6. அடுத்த வரியில் −3 × 1 = −3. அதற்கடுத்து −3 × 0 = 0. "ஒவ்வொரு தடவையும் விடை எவ்வளவு ஏறுது?" என்று வகுப்பைக் கேட்கிறார். பிள்ளைகள் "மூணு, மூணு" என்கிறார்கள். "அப்போ அடுத்த வரி −3 × −1, அதுக்கு என்ன வரும்?" யாரோ ஒரு பையன் "மூணு" என்று கத்துகிறான். இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது? அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவோம். இருபது நிமிடம் என்று சொன்னதெல்லாம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே நீங்கள் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது உங்களிடம் கேள்வி கேட்டார்களா? கேள்வி வந்திருந்தால், அது கடினமானதாக இருந்திருந்தாலும், நல்லது. வேண்டாம் என்று நினைத்தவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டு நேரத்தைச் செலவழிக்க மாட்டார்கள். "அந்த ரெண்டாவது ஸ்டெப்பை மறுபடி பாருங்க" என்று சொல்லியிருந்தால்கூடப் பயப்பட வேண்டாம். பதறாமல் திருத்திக்கொண்டீர்களா என்று பார்த்திருப்பார்கள். தப்பே வராத டீச்சர் என்று யாரும் கிடையாது, பிள்ளைகள் முன்னால் தப்பைத் திருத்துகிற விதத்தைத்தான் பார்ப்பார்கள். கேள்வியே இல்லாமல், திருத்தமும் இல்லாமல், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ஓகே, தேங்க் யூ" என்று முடித்திருந்தால் அது கவலைப்பட வேண்டிய அறிகுறி. ஆனால் அப்படி முடிந்திருந்தால் தாளாளர் அறைக்குப் போயிருக்க மாட்டீர்கள் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

அடுத்து, தாளாளர் அறையில் நடந்த பேச்சு. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்பது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. அதில் எந்தச் சேதியும் இல்லை. உங்கள் பதிலுக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் விஷயம். தொகையைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டால் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அவ்வளவு முடியாதும்மா, இவ்வளவு தரலாம், பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு இவ்வளவு வரும்" என்று பேரம் தொடங்கியிருந்தால் அவர்களுக்கு நீங்கள் வேண்டும். வேண்டாதவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பி.எஃப். பேச்சு வந்தால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பங்கு பன்னிரண்டு சதவீதம் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், சரி. பள்ளி கட்ட வேண்டிய பங்கையும் உங்கள் தொகைக்குள்ளேயே சேர்த்துச் சொல்கிறார்களா, தனியா? பல இடங்களில் இங்கேதான் குழப்பம் வரும்.

"வீடு எங்கே" என்ற கேள்விக்கும் இதே கணக்குத்தான். தூரத்தைக் கேட்டுவிட்டு "அவ்ளோ தூரமா" என்று முடித்தால் அது ஒரு தயக்கம். "எங்க வேன் அந்தப் பக்கம் வருது, நீங்க எந்த ஸ்டாப்ல ஏறுவீங்க, ஏழேகாலுக்கு வந்துடும்" என்று போனால், அவர்கள் மனதில் உங்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் இருப்பவர்களிடம் ஃபீஸ் சலுகை பற்றித் தானாகச் சொல்வதும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் பெரிய அறிகுறி என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. நேர்காணலின் முதல் பாதி முழுக்க உங்களைப் பற்றியதாகவே இருக்கும்: எங்கே படித்தீர்கள், முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள். ஏதோ ஒரு இடத்தில் பேச்சு அவர்களுடைய டைம்டேபிளுக்கு நகர்ந்ததா? "ஏழு ஏ, ஏழு பி ரெண்டும் வரும்", "ஒன்பதாம் வகுப்பும் பார்த்துக்க முடியுமா", "கிளாஸ் இன்சார்ஜ் கொடுத்தா எடுத்துக்குவீங்களா", "ஏப்ரல் முதல் வாரமே சேர முடியுமா" என்பது போல. இப்படி ஒன்றிரண்டு வந்திருந்தால், முதல்வர் காலிக் கட்டங்களில் உங்கள் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டார். நீங்கள் எழுதியதில் இது இல்லை. நடந்தும் எழுத மறந்தீர்களா, நடக்கவே இல்லையா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. "நாலாவது அஞ்சாவதும் எடுப்பீங்களா" என்று கேட்டிருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு உடனே தலையாட்டாதீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை நடத்த பி.எட். தகுதி ஆகாது, தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பி.எட். படித்தவரை அங்கே போடுவது, எங்கேயாவது ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். ஆறு முதல் எட்டு வரைக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) இரண்டாம் தாள் வேண்டும். 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கே டெட் கட்டாயம் என்று வந்த பிறகு, தனியார் பள்ளிகளிலும் இதைக் கேட்பது கூடியிருக்கிறது. டெட் அல்லது சிடெட் (மத்திய அளவில் நடக்கும் தகுதித் தேர்வு) சான்றிதழின் நகலைத் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால் நல்லது. கோப்பில் வைக்கத் தேவை இருப்பவரிடம்தான் அதை வற்புறுத்திக் கேட்பார்கள். நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால் இந்த வருடமே எழுதிவிடுங்கள். 2021 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

நகல் வாங்குவது வேறு, அசலை வாங்குவது வேறு. "ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போங்க, ஆர்டர் ரெடி பண்றோம்" என்று சொல்வதை வேலை உறுதி என்று எண்ணிச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நடு வருடத்தில் நீங்கள் போய்விடக்கூடாது என்பதற்கான பிடி அது, வேறொன்றும் இல்லை. சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்காக வேலை தரமாட்டோம் என்று சொல்லும் பள்ளியில் மற்ற விஷயங்களும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண்களிடம் கேட்கப்படும் கல்யாணக் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "மாப்பிள்ளை பார்க்கிறாங்களா", "வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் வருமா", இன்னும் மோசமாகக் குழந்தை பற்றிய கேள்வி. கேட்கக்கூடாத கேள்விகள் இவை. ஆனால் அறிகுறி என்று பார்த்தால், நிராகரிக்கப் போகிறவரிடம் இதைக் கேட்க மாட்டார்கள். பாதி வருடத்தில் வகுப்பு ஆளில்லாமல் நிற்குமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். "இந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருப்பேன்" என்ற ஒரு வரி போதும். அதற்குமேல் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த ஒரு வார மௌனத்துக்கு வருகிறேன். இதற்குப் பெரும்பாலும் நாள்காட்டிதான் காரணம். மார்ச் நடுவில் ஒரு பள்ளி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். முதல்வர் தேர்வு மையப் பொறுப்பில் இருப்பார், பாதி ஆசிரியர்கள் மேற்பார்வைக்குப் போயிருப்பார்கள், மற்ற வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு, பிறகு விடைத்தாள், ரிசல்ட். சிபிஎஸ்இ பள்ளியில் ஏப்ரல் தொடக்கத்திலேயே புது வகுப்பு ஆரம்பிக்க வேண்டும். இதற்கு நடுவில் "இன்னாருக்கு போன் பண்ணணும்" என்பது பட்டியலில் கீழே போய்விடும்.

அதைவிட முக்கியம், காலியிடம் எத்தனை என்பதே மார்ச்சில் பள்ளிக்குத் தெரியாது. வேறு இடம் பார்த்துவிட்ட ஆசிரியர்கள்கூட மே மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கோடை விடுமுறைச் சம்பளம் போய்விடும் என்ற பயம். அதனால் பள்ளிகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே நேர்காணல் நடத்தி நான்கைந்து பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளும். முதல் பெயர் சேராவிட்டால் இரண்டாவது பெயர். ஜூன் முதல் வாரம் திடீரென்று போன் வந்து "நாளைக்கே வர முடியுமா" என்று கேட்பது இப்படித்தான். கேந்திரிய வித்யாலயாக்களில் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நடத்தும் நேரடி நேர்காணலில் இதை வெளிப்படையாகவே செய்வார்கள்: ஒரு பேனல் தயாரித்து வைத்து, அந்தக் கல்வியாண்டில் தேவை வரும்போது வரிசைப்படி கூப்பிடுவார்கள். தனியார் பள்ளியில் அதே பேனல் முதல்வரின் டைரிக்குள் இருக்கும், அவ்வளவுதான்.

அரசுப் பள்ளி வேலைக்கு இந்த யோசனையெல்லாம் பொருந்தாது. ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் சான்றிதழ் சரிபார்ப்பையும் வைத்து எடுக்கிறது. அங்கே யார் சிரித்தார்கள் என்று யோசிக்க ஒன்றும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அறிகுறிகளைத் தேடும்போது உங்களைப் பற்றிய அறிகுறிகளை மட்டுமே தேடுகிறீர்கள். அந்தப் பள்ளி உங்களுக்குக் காட்டிய அறிகுறிகளையும் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டெமோவில் வாய் திறந்து பதில் சொன்னார்களா, இல்லை முதல்வர் இருக்கிறார் என்று உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்களா? காத்திருந்தபோது ஸ்டாஃப் ரூம் வாசலில் யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தார்களா? வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கேட்டபோது நேராகப் பதில் சொன்னார்களா, "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்களா? டெமோவே இல்லாமல், அக்டோபரிலோ நவம்பரிலோ, "நாளைக்கே சேருங்க" என்று சொல்லும் பள்ளியில் முந்தைய டீச்சர் ஏன் நடுவில் போனார் என்று கேட்காமல் சேரக்கூடாது. உங்களுக்கு முறையாக டெமோ வைத்து, முதல்வர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார் என்பதை அந்தப் பள்ளிக்கு நான் ஒரு மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன்.

என் கணிப்பு இது: நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். சேரும் தேதி பற்றிய பேச்சு வந்திருந்தால் முதல் இடம், வராவிட்டால் இரண்டாம் அல்லது மூன்றாம் இடம். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி போன் செய்து கேட்பது. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள், குறையாது. போன் செய்து கேட்கிறவரைப் பார்த்து, சேர விருப்பம் இருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

காலை அசெம்பிளி நேரத்திலும் தேர்வு தொடங்கும் நேரத்திலும் கூப்பிடாதீர்கள். மாலை வேன் எல்லாம் கிளம்பிய பிறகு, நான்கு மணி வாக்கில் பள்ளி அலுவலக எண்ணுக்கு அடியுங்கள். முதல்வரின் சொந்த எண் கிடைத்திருந்தாலும் அதற்கு வேண்டாம். "மேம், போன வாரம் ஏழாம் வகுப்பு மேத்ஸ் டெமோ கொடுத்தேன். முடிவு எடுத்தாச்சான்னு தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன். எனக்கு உங்க பள்ளியில சேர விருப்பம் இருக்கு" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். "இன்னும் மேனேஜ்மென்ட் முடிவு பண்ணலை" என்றால் "எப்போ மறுபடி கேட்கலாம்?" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். நாள் சொன்னால் பட்டியலில் மேலே இருக்கிறீர்கள். "ஜூன்ல பார்க்கலாம்" என்றால் காத்திருப்போர் பட்டியல். "ரெஸ்யூமே எங்ககிட்ட இருக்கு, தேவைப்பட்டா கூப்பிடுறோம்" என்றால் இந்த வருடத்துக்கு அந்தப் பள்ளியை விட்டுவிடலாம்.

எந்தப் பதில் வந்தாலும் மற்ற பள்ளிகளின் நேர்காணலைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு இடத்தில் வேலை உறுதியாகிவிட்டால், முடிவு சொல்லும் முன் இந்தப் பள்ளிக்கு ஒரு போன் செய்து உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்: "இன்னொரு பள்ளியில் கேட்டிருக்காங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்." உங்களை எடுக்க நினைத்திருந்தால் அன்றைக்கே தாளாளரிடம் பேசிவிடுவார்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லி அழுத்தம் கொடுக்க வேண்டாம். ஒரு வட்டாரத்தில் முதல்வர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். வேலை உறுதியானால், சேரும் முன் எந்த வகுப்பு, எவ்வளவு சம்பளம், கோடை மாதச் சம்பளம் உண்டா, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.